நல்லபாம்பும் ஒரு நாசகாரியும்

சோளத்தட்டைப் படப்பில் கை வைக்கப் போன என்னை அப்பத்தா திண்ணையிலிருந்தே நிறுத்தினாள். "அங்கிட்டுப் போகாத ராசா. நல்லது கெடக்கு." குரலை உயர்த்தவில்லை. எனக்கு ஏழு வயது இருக்கும். நல்லது கிடந்தால் எடுத்துக்கொள்ளத்தானே வேண்டும் என்று இன்னோர் அடி வைத்தேன். அவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, தொரட்டிக் கம்பின் அடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். தட்டைக் கட்டுகளுக்கு நடுவே, எண்ணெய் தேய்த்த மண்வெட்டிக் காம்பு மாதிரி ஒன்று மினுங்கி, நிதானமாக உள்வாங்கியது. வெகுநேரம் கழித்து, "போயிருச்சு" என்றாள். எது போயிற்று என்று அப்போதும் சொல்லவில்லை.

பாலவனத்தம் பக்கத்துக் கரிசலில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது ஊர். கோடையில் கரிசல் கையை விடுமளவுக்கு வெடித்துக் கிடக்கும். எலி உள்ளே போகும், எலியின் பின்னால் அதுவும் போகும். அதன் பெயரை இருட்டிய பிறகு யாரும் எடுப்பதில்லை. 'பூச்சி' என்பார்கள், 'நீளமானது' என்பார்கள், 'கயிறு' என்பார்கள். பகலில் சொல்ல நேர்ந்தால் 'நல்லது'.

பெயர் விஷயத்தில் எங்கள் ஊருக்கே ஒரு தடுமாற்றம் உண்டு. பாலவநத்தம் என்று தந்நகரம் போட்டு எழுதுவார் சிலர், பாலவனத்தம் என்று றன்னகரம் போடுவார் சிலர். முதல் எழுத்துமுறையில் நத்தம் தெரிகிறது, குடியிருப்பு. இரண்டாவதில் வனம் எட்டிப் பார்க்கிறது. சித்திரை மாதத்து மதியத்தில் வந்து நின்று பார்த்தால் இரண்டாவதற்குத்தான் என் ஓட்டு விழும்.

நல்லபாம்பு எப்படி நல்லதாயிற்று என்பதற்கு இலக்கணத்தில் இடம் இருக்கிறது. தகுதி வழக்கை மூன்றாகப் பிரித்த நன்னூல் மரபு அதில் ஒன்றுக்கு மங்கலம் என்று பெயர் வைத்தது. சொன்னால் ஆகாது என்று தோன்றுவதை நல்ல சொல்லால் மூடிச் சொல்வது. செத்தாரைத் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பது என உரைக்காரர்கள் உதாரணம் அடுக்குவார்கள். அந்த வெள்ளாட்டை எங்கள் ஊரில் வந்து பார்க்க வேண்டும். மந்தையில் பாதிக்கு மேல் அமாவாசை நிறம். நன்காட்டில் இருக்கும் நல்லும் நல்லபாம்பில் இருக்கும் நல்லும் ஒன்றுதான் என்பது என் முடிவு. சிறிய பாம்புகளைப் போல் கண்டபடி கடிக்காது, படமெடுத்து எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கும், அதனால் நல்லது என்று விளக்கம் சொல்வோரும் உண்டு. படம் எடுத்ததை நேரில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் பாம்பு ஊரை விட்டுக் கப்பலேறிய கதைதான் இங்கே சொல்ல வந்தது.

போர்த்துக்கீசியர் நம் கரைகளில் இறங்கியபோது அலமாரி, சாவி, ஜன்னல், மேஜை, ஏலம் என்று பல சொற்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நம்மிடம் பார்த்தவற்றுக்குத் தங்கள் மொழியில் பெயரும் வைத்தார்கள். படமெடுக்கும் பாம்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'கோப்ரா டி கப்பெலோ'. கோப்ரா என்றால் வெறும் பாம்பு, லத்தீனின் 'கொலூப்ரா' தேய்ந்து வந்தது. கப்பெலோ என்றால் தலைமூடி, முக்காடு. முக்காடிட்ட பாம்பு. படம் என்று நாம் சொல்வது அவர்கள் கண்ணுக்குப் பாதிரியாரின் அங்கித் தலைமறைப்பு மாதிரி தெரிந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதை முழுதாகவே வாங்கிக்கொண்டார்கள். பிறகு வாய்க்கு நீளமாக இருந்ததால் வாலை வெட்டினார்கள். வெட்டியதில் போனது முக்காடு. நின்றது, எல்லாப் பாம்புக்கும் பொதுவான சொல். ஆக, கோப்ரா என்று சொல்கிறவர் அடையாளத்தை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் சொல்கிறார். நாம் நல்லது என்று சாதியை விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் சொல்கிறோம், அதுவும் இல்லாத குணத்தை.

1899 ஜூன் மாதம் இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில், எல்ஸ்விக் கப்பல் பட்டறையிலிருந்து ஒரு மெலிந்த, நீண்ட போர்க்கப்பல் நீரில் இறங்கியது. ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த் கம்பெனி யாருடைய ஆணையும் இல்லாமல், விற்றுக்கொள்ளலாம் என்ற துணிச்சலில் கட்டியது. அதற்குத்தான் கோப்ரா என்று பெயர். மறு ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை வாங்கிக்கொண்டது. அதன் வகைப் பெயர் 'டார்ப்பிடோ போட் டிஸ்ட்ராயர்'. பாம்புக்கு வருமுன் இந்தப் பெயரையும் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அவிழ்த்தால் உள்ளே ஒரு மீன் கிடக்கிறது.

டார்ப்பிடோ என்பது லத்தீனில் மின்திருக்கையின் பெயர். தொட்டால் கை மரத்துப்போகும், அதனால் மரத்தல் என்ற வினையிலிருந்து பெயர். கிரேக்கரும் அதே காரணத்துக்காக 'நார்க்கே' என்றார்கள். மயக்க மருந்தைக் குறிக்கும் நார்க்கோட்டிக் என்ற சொல் அதே வேரில் பிறந்தது. தமிழில் மரத்துப்போவதற்கு இன்னொரு சொல் திமிர். இன்று திமிர் என்றால் தடித்தனம் என்றுதான் நினைக்கிறோம். தமிழ் விவிலியத்தின் திமிர்வாதக்காரன் அகங்காரி அல்ல, கை கால் விளங்காதவன். தெலுங்கில் கால் மரத்தால் இன்றும் திம்மிரி. இனி ஒரு சின்ன விஷயம். 1801-இல் பிளாக், ஷ்னைடர் என்ற இரு ஜெர்மானியர் பெயரில் வந்த மீன் நூலில், தரங்கம்பாடிக் கடலில் பிடித்த மின்திருக்கை ஒன்றுக்கு 'டிம்லேய்' என்று பெயர் ஏறியது. இன்றும் அறிவியலில் அதன் பெயர் நார்சின் டிம்லேய். முன்பாதி கிரேக்கம். பின்பாதியை உரக்கச் சொன்னால் எனக்குத் திமிர்தான் கேட்கிறது. காது சொல்வதைச் சான்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரே மீனுக்கு மூன்று கரைகளில் ஒரே அனுபவத்தை வைத்துப் பெயர் பிறப்பது மொழிகளின் வழக்கத்துக்கு விரோதமானதல்ல.

நீருக்கடியில் வெடிக்கும் ஆயுதத்துக்கு இந்த மீனின் பெயரை வைத்துப் பிரபலமாக்கியவர்களில் அமெரிக்கர் ராபர்ட் புல்டன் ஒருவர். 1804 அக்டோபரில் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன் மீது பிரிட்டிஷார் அவருடைய வெடிப்பெட்டிகளை மிதக்கவிட்டார்கள். அந்தப் பெட்டிகளைக் கடற்படையினர் என்ன பெயரால் அழைத்தார்கள் தெரியுமா? கட்டமரான். நம் கட்டுமரம்தான். தண்ணீருக்கு மேல் தலை தெரியாமல் மிதந்ததால் இருக்கலாம். பெரிய சேதம் எதுவும் விளையவில்லை. கட்டுமரத்தைக் கொண்டுபோய் வெடிக்கவைத்தால் அப்படித்தான் ஆகும்.

தானே ஓடும் டார்ப்பிடோவை ராபர்ட் வைட்ஹெட் 1866-இல் செய்துகாட்டினார். அதன்பிறகு, சிறிய வேகப் படகில் ஒன்றை ஏற்றிக்கொண்டு போய்ப் பெரிய கப்பலைக் கவிழ்த்துவிடலாம் என்றாயிற்று. அந்தப் படகு டார்ப்பிடோ போட். பிரான்சு அவற்றை வரிசையாகக் கட்டத் தொடங்கியதும் லண்டனில் வயிறு கலங்கியது. 1892-இல் கடற்படைக் கட்டுமானப் பொறுப்பில் இருந்தவர் ஜாக்கி பிஷர். பிரெஞ்சுப் படகுகளைப் பற்றி அவரிடம் போய் எச்சரித்தவர் கப்பல் கட்டும் ஆல்பிரட் யாரோ. (பெயரே அதுதான். 'முதல் டிஸ்ட்ராயரைக் கட்டியது யாரோ' என்று தமிழில் எழுதினால் ஆசிரியர் குழு நிச்சயம் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பும்.) படகுகளை வேட்டையாட ஒரு கப்பல் வேண்டும், அதற்கு என்ன பெயர் என்று பேச்சு வந்தபோது, அழிப்பதுதானே அதன் வேலை, டிஸ்ட்ராயர் என்றே வைத்துவிடுவோம் என்று பிஷர் சொன்னதாகக் கதை. ஸ்பெயின்காரர்கள் 1886-லேயே 'டெஸ்ட்ருக்டோர்' என்று ஒரு கப்பலை மிதக்கவிட்டிருந்தார்கள் என்பதால் முழுப் பெருமையையும் பிஷருக்குக் கொடுக்க முடியாது.

இந்தப் பிஷர் நமக்குத் தூரத்து மனிதர் அல்ல. 1841 ஜனவரியில் இலங்கை மலைநாட்டில், றம்பொடையில் பிறந்தவர். தகப்பனார் பட்டாளத்துக் கேப்டன், காப்பித் தோட்டக்காரர். அந்தக் காலத்துக் காப்பி மலைகளுக்கு ஆள் போனது பெரும்பாலும் நம் பக்கத்திலிருந்துதான். மதுரைச் சீமை, ராமநாதபுரம் சீமை வறண்டபோதெல்லாம் கரையோரம் நடந்து, கடல் தாண்டி, காடு தாண்டி மலையேறியவர்கள். பிஷர் ஆறு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்.

யாரோ கட்டிய ஹேவக் 1893-இல் நீரில் இறங்கியது. அடுத்தடுத்து ஹார்னெட், பெர்ரெட், லிங்க்ஸ். குளவி, கீரி மாதிரி ஒன்று, காட்டுப்பூனை. கொட்டுவது, கடிப்பது, பாய்வது என்று பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அகர வரிசைப்படி பெயர் வைக்கும் ஒழுங்கெல்லாம் பின்னால் வந்தது. முதலில் இருந்தது பயமுறுத்தும் ஆசைதான். மூன்று சொல் நீளமாக இருந்த வகைப்பெயர் சீக்கிரமே டிஸ்ட்ராயர் என்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. தமிழ்ப் பத்திரிகைகளில் அது நாசகாரி ஆனது. ஆங்கிலேயர் கப்பலைப் பெண்ணாகவே பேசுவார்கள். நம் மொழிபெயர்ப்பாளர் அதைக் கவனித்து 'காரி' போட்டாரா, கை தானாகப் போட்டதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோப்ரா இந்த நாசகாரிக் கூட்டத்தில் தனி ரகம். அதன் வயிற்றில் முன்னும் பின்னும் ஆடும் பழைய நீராவி எஞ்சின் இல்லை, சார்ல்ஸ் பார்சன்ஸின் டர்பைன் இருந்தது. 1897-இல் விக்டோரியா ராணியின் வைர விழாக் கப்பல் அணிவகுப்பில், பார்சன்ஸ் தன் டர்பினியா என்ற சிறு படகை அழையாமலே உள்ளே விட்டு, விரட்டிய படகுகளை எல்லாம் பின்தங்கவைத்து வேடிக்கை காட்டியிருந்தார். அதன் பிறகு கடற்படைக்கும் டர்பைன் மோகம் வந்தது. டர்பைன் என்ற சொல்லை உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரர் பூர்தேன், 1822-இல். லத்தீனில் 'டர்போ' என்றால் சுழல், பம்பரம். நம் பொறியியல் நூல்களில் சுழலி. இதைப் படிக்கும்போதெல்லாம் பாலவனத்தத்துக்குக் கிழக்கே இருக்கும் ஊர்தான் எனக்கு நினைவுக்கு வரும், திருச்சுழி. ரமணர் பிறந்த ஊர். ஊரை மூழ்கடிக்க வந்த வெள்ளத்தைச் சிவன் சுழித்துப் பூமிக்குள் இறக்கினார் என்று தலபுராணம். வருஷத்தில் பாதி நாள் குண்டாற்றில் மணல்தான் ஓடும். பெயரில் மட்டும் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கிறது.

கோப்ராவுக்கு நான்கு சுழல் தண்டுகள், தண்டுக்கு மூன்று விசிறி, ஆக 12 விசிறிகள். வேகம் மணிக்கு 34 கடல் மைலைத் தாண்டியது, அதாவது 60 கிலோமீட்டருக்கு மேல். அருப்புக்கோட்டை டவுன் பஸ் இன்றைக்கும் அந்த வேகத்தை எட்டினால் ஆச்சரியம். அந்த வேகத்துக்காக உடம்பை இளைக்கவைத்திருந்தார்கள். 220 அடிக்கு மேல் நீளம், சுவர் மெல்லிய எஃகுத் தகடு.

1901 செப்டம்பர் 17-ஆம் தேதி, துப்பாக்கி பீரங்கி எதுவும் பூட்டாமல், அவற்றைப் பூட்டிக்கொள்வதற்காகத் தெற்கே போர்ட்ஸ்மத்துக்குப் புறப்பட்டது. தலைவர் லெப்டினென்ட் ஆலன் பாஸ்வொர்த் ஸ்மித். மாலுமிகளோடு பார்சன்ஸ் கம்பெனியின் ஆட்களும் இருந்தார்கள், மொத்தம் 79 பேர். இரவு காற்று வலுத்தது. கப்பல் உருண்ட உருளலில் அடுப்புக்குக் கரி தள்ளுவதே பெரும்பாடாகி வேகத்தைக் குறைத்தார்கள். 18-ஆம் தேதி காலை ஏழு மணி வாக்கில், லிங்கன்ஷயர் கரைக்கு வெளியே அவுட்டர் டவுசிங் மணல்திட்டுக்குப் பக்கத்தில், கப்பல் நடுவில் முறிந்தது. முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம். ஒரு சிறு படகில் 12 பேர் தப்பினார்கள். 67 பேர் போனார்கள். ஸ்மித் கப்பலோடு போனார். பார்சன்ஸின் டர்பைன் பட்டறை மேலாளர் ராபர்ட் பர்னார்டும் போனார்.

பாம்பை அடிப்பவர்கள் நடு முதுகில்தான் போடுவார்கள். இங்கே அடித்தது அலை. இரண்டு அலைமுகடுகளில் தலையும் வாலும் தாங்கி நிற்க நடுவயிறு தொங்கும். அடுத்த நொடி ஒரே முகட்டில் நடுவயிறு தாங்கி நிற்கத் தலையும் வாலும் தொங்கும். மெல்லிய கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோல. அக்டோபரில் கூடிய ராணுவ நீதிமன்றம், கப்பல் தரையில் தட்டவில்லை, எதிலும் மோதவில்லை, கட்டுமானப் பலவீனமே காரணம் என்று தீர்ப்புச் சொன்னது. கட்டிய கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒரு விசாரணைக் குழு வுல்ப் என்ற இன்னொரு நாசகாரியை உலர்துறையில் தொட்டில் கட்டித் தாங்கவைத்து, வளைத்து, அளந்து பார்த்தது. ஓநாய் ஒடியவில்லை.

இதற்கு ஆறு வாரம் முன்னால்தான், ஆகஸ்ட் 3 அன்று, டர்பைன் பூட்டிய இன்னொரு நாசகாரியான வைப்பர் போர்ப் பயிற்சியின்போது மூடுபனியில் ஆல்டர்னி தீவருகே பாறையில் ஏறி நாசமாகியிருந்தது. அதில் உயிர்ச்சேதம் இல்லை. வைப்பர் என்றால் விரியன். அந்த லத்தீன் பெயருக்கு 'உயிரோடு ஈனுவது' என்று பொருள் சொல்வார்கள். நம் ஊரில் விரியன் வயிறு வெடித்துத்தான் குட்டி போடும் என்று சத்தியம் செய்வார்கள். குட்டி போடுவது உண்மை, வெடிப்பது பொய். 1890 நவம்பரில் ஸ்பெயின் கரையில் உடைந்த கடற்படைக் கப்பலின் பெயரோ சர்பென்ட், சர்ப்பமேதான். 176 பேரில் பிழைத்தவர் மூன்று பேர்.

மாலுமிகள் கணக்குப் போட அது போதுமானதாக இருந்தது. பாம்புப் பெயர் ஆகாது என்று கடற்படைக்குள் பேச்சு எழுந்தது. அதன்பிறகு பிரிட்டன் பாம்புப் பெயரே வைக்கவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல, 1910-லேயே ராட்டில்ஸ்னேக் என்று ஒரு நாசகாரி வந்துவிட்டது. ஆனால் பேச்சு நின்றபாடில்லை. எதிரியைப் பயமுறுத்தத் தேடிப்பிடித்து வைத்த பெயரைச் சொல்லத் தாங்களே கூசினார்கள். மூன்று நூற்றாண்டுக்கு முன் நம் கரையில் அந்தப் பாம்பைப் பார்த்தவர்கள், பெயரை எப்படி மூடிச் சொல்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு போயிருக்கலாம். 'எச்.எம்.எஸ். நல்லது' என்று எழுதிப் பார்க்கிறேன். கம்பீரம் குறைகிறது என்பது உண்மைதான்.

கோப்ரா முறிந்ததற்கு நான்கு நாள் முன்னால், 1901 செப்டம்பர் 14 அன்று, மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கியது. தொடங்கியவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, தேதிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன, அவ்வளவுதான். ஆனால் பெயர்களை ஆராய்கிறவனுக்கு அந்த மனிதரைத் தாண்டிப் போக முடியாது. புராண இலக்கியப் பெயர்களை எல்லாம் திரட்டிய சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியை 1910-இல் அச்சேற்றியது அவருடைய சங்கம். அபிதானம் என்றாலே பெயர். கடலே தெரியாத இந்தக் கரிசல்காட்டு ஜமீன்தார்தான், 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவர். வ.உ.சி. அதன் உயிர். மூலதனம் பத்து லட்சம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு.

கம்பெனி வாங்கிய இரண்டு கப்பல்கள் காலியா, லாவோ. காலியா என்பது பிரான்சின் பழைய லத்தீன் பெயர். ஜாவாவில் லாவு என்றொரு மலை இருக்கிறது, டச்சுக்காரர்கள் 'உ' ஓசைக்கு இரண்டு எழுத்துப் போட்டு எழுதுவார்கள். அதை நாம் ஆங்கிலமாக வாசித்தால் லாவோ என்றுதான் வாயில் வரும். கப்பலுக்கும் மலைக்கும் உறவு அதுதானா என்பது என் ஊகத்தோடு நிற்கட்டும். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தவர் தலைமையில் ஓடிய கப்பல்களுக்கு நக்கீரன் என்றோ கபிலன் என்றோ பெயர் மாற்றவில்லை என்பது எனக்குச் சின்னக் குறை. பெயர் மாற்ற அவகாசம் எங்கே இருந்தது? 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், 1911-இல் கம்பெனி கலைந்தது, அதே ஆண்டு டிசம்பரில் தேவர் காலமானார்.

மூன்று ஆண்டு கழித்து இன்னொரு கப்பலின் பெயர் நம் பக்கம் வந்தது, இந்த முறை குண்டோடு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அடுத்த மாதம் பினாங்கு அருகே மூஸ்கே என்ற பிரெஞ்சு நாசகாரியை மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதன் கதையை முடித்தது. எம்டன் என்பது ஜெர்மனியின் ஒரு சாதாரணத் துறைமுக ஊர். தமிழில் அது கில்லாடி, அடங்காதவன், கண்டிப்பான அப்பா என்று பொருள் விரித்துக்கொண்டது. எமனோடு ஒட்டிய ஓசை உதவியிருக்க வேண்டும். மலையாளத்தில் யமண்டன் என்றால் பிரம்மாண்டம். 2006-இல் 'எம்டன் மகன்' என்று வந்த படம், தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' ஆயிற்று. தொண்ணூறு ஆண்டு தமிழ்நாட்டில் குடியிருந்த சொல்லுக்குக் கடைசியில் குடியுரிமை கிடைக்கவில்லை.

அப்பத்தாவுக்கு எம்டன் ஒரு கப்பல் என்று தெரியாது. என் தம்பி முருங்கை மரத்திலிருந்து குதித்தால், கோழியை விரட்டினால், பருத்திக் குவியலில் விழுந்து புரண்டால், "எம்டன், எம்டன், இவன் சரியான எம்டன்" என்று நாள் முழுக்கச் சொல்வாள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவனும் நானும் படப்புப் பக்கம் போனால் மட்டும் குரல் தணியும். "ஏ எம்டன், இங்கிட்டு வா. அங்கிட்டு நல்லது இருக்கும்."